கலந்த இசையிலிருந்து குரலைப் பிரித்தெடுத்தல்



சில மாதங்களுக்கு முன்னர், எங்கள் பள்ளியில் ஐந்தாம் ஆண்டில் பயிலும் மாணவன் ஒருவன் தன் பாட்டியை அழைத்துக்கொண்டு வந்தான். பாட்டியின் கையில் ஒரு பழைய பிஸ்கட் டின். அதனுள்ளே துணியில் சுற்றிய ஒலிநாடா ஒன்று இருந்தது. 1986ஆம் ஆண்டு, தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் அவருடைய கணவர் பாடியபோது யாரோ ஒரு சிறிய ரேடியோ கேசட்டில் பதிவு செய்தது அது. பாடியவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. தோட்டமும் கைமாறி, லயத்து வீடுகளும் இடிக்கப்பட்டுவிட்டன. மிச்சம் இருப்பது இந்த ஒலிநாடா ஒன்றுதான்.

“வாத்தியாரே, இதிலே உறுமிச் சத்தந்தான் பெரிசாக் கேக்குது. அவரு குரலு அடியிலே அமுங்கிக் கெடக்கு. அதை மட்டும் தனியா எடுத்துத் தர முடியுமா? இந்தப் பையன் தாத்தா குரலைக் கேட்டதே இல்லே” என்றார் பாட்டி.

முடியுமா, முடியாதா? அன்று என்னால் உடனே விடை சொல்ல இயலவில்லை. அந்தக் கேள்விக்கு விடை தேடியபோது நான் கற்றுக்கொண்டவற்றையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில், பாட்டும் மேளமும் ஒலிநாடாவில் எவ்வாறு கலக்கின்றன என்பதைப் பார்ப்போம். ஒலி என்பது காற்றில் உண்டாகும் அதிர்வு. பாடகரின் தொண்டையும் உறுமியின் தோலும் வெவ்வேறாக அதிர்ந்தாலும், ஒலிவாங்கியின் முன்னே இருப்பது ஒரே காற்றுதான். ஒரு கணத்தில் குரல் அந்தக் காற்றை 7 பங்கு தள்ளுகிறது, உறுமி 5 பங்கு தள்ளுகிறது என்றால், ஒலிவாங்கி 12 என்றே பதிவு செய்யும். 7 எது, 5 எது என்ற குறிப்பு அங்கே இல்லை. 12 என்னும் எண்ணை மட்டும் நம் கையில் கொடுத்து, எந்த இரண்டு எண்களைக் கூட்டினோம் என்று கேட்டால் யாரால் சொல்ல முடியும்? 8ம் 4ம் ஆக இருக்கலாம். 10ம் 2ம் ஆகவும் இருக்கலாம்.

அரிசியையும் உளுந்தையும் கலந்து வைத்தால் பொறுமையாகப் பொறுக்கிப் பிரித்துவிடலாம். இரண்டையும் அரைத்து மாவாக்கிய பிறகு பிரிக்க முடியுமா? பதிவான பாட்டு அந்த அரைத்த மாவைப் போன்றது.

ஆனால் நேயர்களே, ஒன்றைக் கவனியுங்கள். அதே கலவையைக் கேட்கும் நம் செவி ஏமாறுவதில்லை. திருமண மண்டபத்தில் நாதஸ்வரம் ஒருபுறம், குழந்தைகளின் கூச்சல் ஒருபுறம், பந்தியில் பாத்திரச் சத்தம் ஒருபுறம். அத்தனைக்கும் நடுவில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது நமக்கு விளங்குகிறது அல்லவா? காலின் செர்ரி என்ற பிரிட்டிஷ் அறிவியலாளர் 1953ஆம் ஆண்டு இதனை ஆராய்ந்து எழுதினார். இரைச்சலான விருந்துக் கூடத்தில் ஒருவருடைய பேச்சை மட்டும் நாம் எப்படித் தேர்ந்து கேட்கிறோம் என்பதே அவர் எழுப்பிய கேள்வி. நமக்கு இரண்டு செவிகள் இருப்பது ஓர் உதவி. மற்றோர் உதவி நம் அனுபவம். மனிதக் குரல் எப்படி இருக்கும், சொற்கள் எப்படித் தொடரும் என்பது நமக்கு முன்பே தெரியும். அந்த அறிவைக் கொண்டுதான் மூளை கலவையைப் பிரிக்கிறது. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதுவே நமக்கு வழிகாட்டப் போகிறது.

குரலைப் பிரிக்கப் பல காலமாகக் கையாளப்பட்டு வந்த எளிய முறை ஒன்று உண்டு. அது கழித்தல் கணக்கு. ஸ்டீரியோ முறையில் பதிவான பாட்டில் இடம், வலம் என இரண்டு ஒலிப்பாதைகள் உள்ளன. பாடகரின் குரலைப் பெரும்பாலும் நடுவில் நிறுத்துவார்கள். அதாவது, இரண்டு பாதைகளிலும் குரலைச் சம அளவில் வைப்பார்கள். மற்றக் கருவிகளில் சில இடப்பக்கமும் சில வலப்பக்கமும் இருக்கும்.

குரல் 5, இடப்பக்க ஆர்மோனியம் 3, வலப்பக்க வயலின் 2 என்று வைத்துக்கொள்வோம். இடப் பாதையில் இருப்பது 8. வலப் பாதையில் இருப்பது 7. எட்டிலிருந்து ஏழைக் கழித்தால் 1. அந்த 1 என்பது ஆர்மோனியம் மூன்றிலிருந்து வயலின் இரண்டைக் கழித்தது. குரல் முற்றாக மறைந்துவிட்டது. கரோக்கே பாடுவதற்காக வெறும் இசையை எடுக்கப் பலர் இந்த முறையைத்தான் பயன்படுத்தினார்கள். ஆனால் நடுவில் இருப்பது குரல் மட்டுமன்று. தாழ்ந்த ஒலி தரும் பேஸ் கிட்டாரும் பெரிய டிரம்மும் பெரும்பாலும் நடுவிலேயே இருக்கும். குரலோடு சேர்ந்து அவையும் போய்விடும். அதே வேளையில், குரலுக்குச் சேர்த்த எதிரொலி இரு பக்கமும் வெவ்வேறாகப் பரவியிருப்பதால், அது பின்னால் நிழல் போல ஒலித்துக்கொண்டிருக்கும்.

சரி, குரலை நீக்கிய இசை கிடைத்துவிட்டதே, அதனை முழுப் பாட்டிலிருந்து கழித்தால் குரல் மட்டும் வந்துவிடாதா என்று கூர்மையான மாணவர்கள் கேட்பார்கள். கணக்கைப் போட்டுப் பாருங்கள். இடப் பாதையின் 8. அதிலிருந்து நமக்குக் கிடைத்த 1ஐக் கழித்தால் 7. இந்த ஏழு எது? குரல் 5, வயலின் 2. முன்பே நம்மிடம் இருந்த வலப் பாதையேதான் அது! சுற்றிச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டோம். ஆகவே, இந்தக் கழித்தல் முறை குரலை நீக்க ஓரளவு உதவும். குரலைத் தனியே எடுக்க உதவாது.

அதே பாட்டின் இசை மட்டும் கொண்ட பதிவு வேறாகக் கிடைத்தால், அப்போது முழுப் பாட்டிலிருந்து அதனைக் கழித்துக் குரலைப் பெறலாம். ஆனால் இரண்டு பதிவுகளும் மயிரிழையும் பிசகாமல் ஒத்திருக்க வேண்டும். நொடிக்கு 1000 முறை அதிரும் ஒலியை எடுத்துக்கொண்டால், 2000இல் ஒரு பங்கு நொடி தள்ளிப் போனாலும் அது மறைவதற்குப் பதிலாக இரண்டு மடங்காகிவிடும். ஒலிநாடா சுற்றும் வேகமோ சற்றே கூடியும் குறைந்தும் வரும். அதில் இத்தகைய ஒற்றுமையை எதிர்பார்க்க முடியாது.

பாட்டியின் ஒலிநாடாவில் நானும் முதலில் கழித்தல் முறையையே செய்து பார்த்தேன். ஒன்றுமே கேட்கவில்லை! அந்த ரேடியோ கேசட்டில் இருந்தது ஒரே ஒலிவாங்கி. அது மோனோ பதிவு. இடத்தில் இருப்பதும் வலத்தில் இருப்பதும் ஒன்றே. பன்னிரண்டிலிருந்து பன்னிரண்டைக் கழித்தால் பூஜ்யந்தானே!

அடுத்த முறை, சுருதியை வைத்துப் பிரிப்பது. உறுமியின் முழக்கம் தாழ்ந்த ஒலி. குரல் அதனினும் உயர்ந்தது. அப்படியானால் தாழ்ந்த ஒலிகளை வெட்டிவிட்டால் போதுமே என்று தோன்றும். ஓரளவு உண்மைதான். ஆனால் குரல் ஒரே சுருதியில் ஒலிப்பதன்று. ஒருவர் நொடிக்கு 200 அதிர்வில் பாடினால், அதனோடு 400, 600, 800 என்று மேற்சுரங்களும் சேர்ந்தே ஒலிக்கும். குரலுக்கு அதன் தனிக் குணத்தைத் தருவன இந்த மேற்சுரங்களே. உறுமியிலோ, குச்சியால் தோலைத் தேய்க்கும்போது எழும் உறுமலும், அடிக்கும்போது எழும் ‘சட்’டென்ற ஒலியும் மேலே வெகுதூரம் பரவுகின்றன. இரண்டும் ஒரே இடத்தில் குடியிருக்கின்றன. ஒன்றை வெட்டினால் மற்றதும் வெட்டுப்படும். தொலைபேசியில் நெடுங்காலமாக 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியையே அனுப்பி வந்தார்கள். பேச்சு விளங்கும்; ஆனால் குரலின் செழுமை குன்றிவிடும். தாத்தாவின் பாட்டைத் தொலைபேசியில் கேட்பது போலாக்கினால் பாட்டி ஏற்றுக்கொள்வாரா?

இங்கேதான் ஒலியைக் கண்ணால் பார்க்கும் ஒரு கருவி நமக்குத் துணையாகிறது. அதனை ஸ்பெக்ட்ரோகிராம் என்பார்கள். நாம் பள்ளியில் பயன்படுத்தும் கட்டத்தாளை நினைத்துக்கொள்ளுங்கள். இடமிருந்து வலமாக நேரம் செல்கிறது. கீழிருந்து மேலாக அதிர்வெண் ஏறுகிறது. எந்த நொடியில் எந்த அதிர்வெண்ணில் ஒலி மிகுதியோ, அந்தக் கட்டம் பளிச்சென்று தெரியும். மேள அடி, மேலிருந்து கீழ் நிற்கும் கோடாகத் தெரிகிறது. ஏனெனில் அது ஒரு கணத்தில் எல்லா அதிர்வெண்களிலும் பரவி மறைகிறது. குரலோ, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய, வளைந்து நெளிந்து செல்லும் கோடுகளாகத் தெரிகிறது. அந்த நெளிவுகளே கமகங்கள். அரைத்த மாவு என்று நாம் நினைத்தது, இந்தப் படத்தில் பார்த்தால் அத்தனை அரைபட்டுப் போகவில்லை!

ஆகவே, ஒவ்வொரு கட்டத்திலும் குரலுக்கு எத்தனை பங்கு, மேளத்துக்கு எத்தனை பங்கு என்று முடிவு செய்துவிட்டால் வேலை முடிந்தது. இந்தக் கட்டம் முழுவதும் குரல் என்றால் 1. குரலே இல்லை என்றால் 0. பாதி என்றால் 0.5. இவ்வாறு பங்கு எண்களை எல்லாக் கட்டங்களுக்கும் போட்டு, கலவையைப் பெருக்கி, மீண்டும் ஒலியாக்கினால் குரல் பிரிந்து வரும். ஆனால் ஒரு பாட்டுக்கு இலட்சக்கணக்கான கட்டங்கள் உண்டு. அத்தனைக்கும் பங்கு எண் போடுபவர் யார்?

கணினியே போடட்டும் என்றார்கள் ஆராய்ச்சியாளர்கள். தொடக்கத்தில், நிற்கும் கோடு என்றால் தாளம், படுத்த கோடு என்றால் இசை என்பன போன்ற விதிகளைக் கணினிக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வருவது பின்னணி, மாறிக்கொண்டே வருவது குரல் என்றும் ஒரு விதி வகுத்தார்கள். ஓரளவே பலன் கிடைத்தது. பிறகு வழியை மாற்றினார்கள். நாம் மாணவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதுபோல் கணினிக்கும் பயிற்சி கொடுத்தார்கள். கலந்த பாட்டு ஒன்றைக் கொடுப்பது, குரலைப் பிரிக்கச் சொல்வது, உண்மையான தனிக் குரலோடு ஒப்பிட்டுத் தவற்றைக் காட்டுவது, திருத்தச் சொல்வது. இப்படியே ஆயிரமாயிரம் முறை. இதற்குக் கலந்த பாட்டும் வேண்டும், அதன் தனித்தனிப் பகுதிகளும் வேண்டும். 2017ஆம் ஆண்டு வெளியான மியூஸ்டிபி 18 என்னும் தொகுப்பில் அத்தகைய 150 பாடல்கள் இருந்தன. மொத்தம் ஏறத்தாழ 10 மணி நேரம். அவற்றில் 100 பயிற்சிக்கு, 50 தேர்வுக்கு. தேர்வில் வரும் வினாவை முன்கூட்டியே சொல்லிக் கொடுக்கக் கூடாது என்ற விதி கணினிக்கும் உண்டு!

2019ஆம் ஆண்டு நவம்பரில், பிரான்ஸ் நாட்டு டீசர் நிறுவனம் ‘ஸ்பிளீட்டர்’ என்ற மென்பொருளை எவரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று வெளியிட்டது. அதே ஆண்டு பேஸ்புக் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ‘டெமக்ஸ்’ என்பதை உருவாக்கினார்கள். பாட்டைக் குரல், டிரம், பேஸ், மற்றவை என நான்காகப் பிரிக்க இவற்றால் முடியும். நம் செவி தன் அனுபவத்தைக் கொண்டு பிரிக்கிறது என்று முன்பு சொன்னேன் அல்லவா? இந்தக் கணினிகளும் கேட்டுப் பழகிய அனுபவத்தைக் கொண்டே பிரிக்கின்றன. 12 என்ற எண் மட்டுமே கையில் இருக்கிறது. ஆனால் இத்தகைய இடத்தில் குரல் வழக்கமாக 7ஆக இருக்கும் என்று அது கற்றுவைத்திருக்கிறது.

உலகம் அறிந்த எடுத்துக்காட்டு ஒன்று சொல்கிறேன். பீட்டில்ஸ் இசைக்குழுவைச் சேர்ந்த ஜான் லெனன், 1970களின் பிற்பகுதியில், நியூயார்க்கில் தம் வீட்டில் பியானோ வாசித்துக்கொண்டே ஒரு பாட்டைப் பாடிச் சாதாரண கேசட்டில் பதிந்து வைத்தார். 1980ஆம் ஆண்டு அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 1994ஆம் ஆண்டு அவருடைய மனைவி யோகோ ஓனோ அந்தப் பதிவை நண்பர் பால் மெக்கார்ட்னியிடம் கொடுத்தார். மற்ற மூவரும் 1995ஆம் ஆண்டு அதனை முழுப் பாட்டாக்க முயன்றார்கள். பியானோ குரலை மூடியது; மின்சார இரைச்சலும் கேட்டது. முயற்சியைக் கைவிட்டார்கள். 2001ஆம் ஆண்டு ஜார்ஜ் ஹாரிசனும் மறைந்தார். பின்னர், இயக்குநர் பீட்டர் ஜாக்சன் பீட்டில்ஸ் பற்றி எடுத்து 2021ஆம் ஆண்டு வெளிவந்த ஆவணப் படத்துக்காக, அவருடைய குழுவினர் ஒலிகளைப் பிரிக்கும் கணினி முறையை உருவாக்கினார்கள். அதே முறை லெனனின் குரலைப் பியானோவிலிருந்து பிரித்துக் கொடுத்தது. ‘நவ் அண்டு தென்’ என்ற அந்தப் பாட்டு 2023ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் வெளியானது. 2025ஆம் ஆண்டு கிராமி விருதும் பெற்றது. ஒரு சாதாரண கேசட், ஒரு குரல், ஒரு கருவி. பாட்டியின் பிஸ்கட் டின்னில் இருந்ததும் அத்தகையதே அல்லவா?

இனி, நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் பழைய ஒலிநாடா இருக்குமானால் இது பயன்படும்.

முதலாவதாக, கேசட்டின் பின்விளிம்பில் இருக்கும் இரண்டு சிறிய பிளாஸ்டிக் துண்டுகளை உடைத்துவிட்டோம். அவ்வாறு செய்தால் தவறுதலாக அதன்மேல் வேறு எதுவும் பதிவாகாது. இரண்டாவதாக, நாடாவை ஒருமுறை முழுவதும் மெதுவாகச் சுற்றித் தளர்த்தினோம். கேசட் கருவியின் தலைப்பகுதியைப் பஞ்சில் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தோம். அழுக்குத் தலையில் ஓடும் நாடா உயர்ந்த ஒலிகளை இழந்துவிடும். மூன்றாவதாக, கணினியில் பதிவு செய்தோம். பலர் இடத்தைச் சேமிக்க எம்பி3 முறையில் பதிவு செய்கிறார்கள். அது செவிக்குத் தேவையில்லை என்று தான் கருதும் நுண்ணொலிகளை எறிந்துவிடும். பிரிப்பதற்கோ அந்த நுண்ணொலிகளும் தேவை. ஆகவே, சுருக்காத வேவ் முறையில், ஒலி உச்சத்தில் முட்டாதபடி சற்றுத் தாழ்த்திப் பதிவு செய்தோம். நான்காவதாக, அந்தப் பதிவுக்கு ஒரு நகல் எடுத்து, மூலத்தைத் தனியே வைத்துவிட்டோம். நகலில்தான் வேலை. ஐந்தாவதாக, நம் நாட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை நீக்கிவிட்டு, பிரிக்கும் மென்பொருளில் கொடுத்தோம்.

சில நிமிடங்களில் இரண்டு கோப்புகள் வந்தன. ஒன்றில் மேளம். மற்றொன்றில் குரல். நாற்பது ஆண்டுகளாக உறுமியின் அடியில் கிடந்த குரல், வெளியே வந்து பாடியது.

ஆனால் குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். உறுமி பலமாக அடித்த இடங்களில் சில எழுத்துகள் விழுங்கப்பட்டிருந்தன. சில இடங்களில் தண்ணீருக்குள்ளிருந்து பாடுவது போன்ற நடுக்கம் கேட்டது. கூட்டத்தார் சேர்ந்து பாடிய வரிகளில் எல்லாருடைய குரலும் ஒன்றாகவே வந்தது. குரல் வேறு, கருவி வேறு என்று அறிந்த மென்பொருளுக்கு, தாத்தா வேறு, ஊரார் வேறு என்பது தெரியவில்லை. இதற்குக் காரணம் அதன் பயிற்சி. அது பழகியவை பெரும்பாலும் மேனாட்டுப் பாடல்கள். உறுமியை அது அறியாது. நாதஸ்வரம், வயலின் போன்ற கருவிகள் நம் இசையில் குரலைப் போலவே வளைந்து குழைவதால், அவற்றைக் குரல் என்றே அது மயங்குவதும் உண்டு. பார்சலோனா நகரின் பொம்பேயு பாப்ரா பல்கலைக்கழகத்தார் கர்நாடக இசைப் பதிவுகளைத் திரட்டி, 2023ஆம் ஆண்டில் கர்நாடகக் குரலைப் பிரிப்பதற்கென்றே ஆய்வு வெளியிட்டுள்ளார்கள். நம் கோயில் மேளங்களுக்கும் அப்படி ஒரு தொகுப்பை நம் பிள்ளைகள் ஒருநாள் உருவாக்கக் கூடாதா?

இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். குரலைப் பிரிப்பது வேறு. குரலைப் போலியாகச் செய்வது வேறு. பிரித்த குரல், அன்று அந்த மனிதர் உண்மையில் பாடியது. கணினி தானே உண்டாக்கும் குரல், அவர் ஒருபோதும் பாடாதது. 2024ஆம் ஆண்டு வெளிவந்த ‘லால் சலாம்’ படத்தின் ஒரு பாட்டில், மறைந்த பாடகர்களான பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களைக் கணினியின் வழி பயன்படுத்திய ஏ. ஆர். ரகுமான், அவர்களுடைய குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று, உரிய தொகையும் கொடுத்ததாக அறிவித்தார். அனுமதி என்னும் அந்த நெறி நமக்கும் வேண்டும். பிறருடைய பாட்டிலிருந்து குரலைப் பிரித்துக் கற்றுக்கொள்வது ஒன்று. அதனை வேறு பாட்டில் ஒட்டி வெளியிடுவது மற்றொன்று. கருவி இலவசமாகக் கிடைக்கலாம். பாட்டின் உரிமை இலவசமன்று.

பாட்டிக்கும் பேரனுக்கும் ஒரு சனிக்கிழமை காலை, வகுப்பறையில் அந்தக் குரலைப் போட்டுக் காட்டினேன். பையன் வாய் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். பாட்டி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாட்டு முடிந்ததும் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “நல்லா இருக்கு, வாத்தியாரே. ஆனா மேளம் இல்லாம அவரு பாடினதே இல்லே. அதைக் கொஞ்சம் சேத்துப் போடுங்களேன்” என்றார்.

குரல் முழு அளவிலும் மேளம் கால் அளவிலுமாக இரண்டையும் மீண்டும் சேர்த்தேன். என்ன வியப்பு! நடுக்கமும் விழுங்கிய எழுத்துகளும் பெரும்பாலும் தெரியாமல் போயின. பிரித்த குரலில் இருக்கும் குறைகளை, சற்றே சேர்த்த பின்னணி மூடிவிடுகிறது. ஒலிப்பதிவு அறிந்தவர்கள் கையாளும் முறையும் இதுவே. அதனைப் பாட்டி தம் செவியால் சொல்லிவிட்டார். கலவையைப் பிரிப்பது, ஒன்றைத் தூக்கி எறிவதற்கு மட்டுமன்று. எது எவ்வளவு இருக்க வேண்டும் என்று நாமே அளந்து சேர்ப்பதற்கும்தான்.

நேயர்களே, உங்கள் அலமாரியிலும் இப்படி ஓர் ஒலிநாடா இருக்கலாம். தாலாட்டாக இருக்கலாம், ஒப்பாரியாக இருக்கலாம், பள்ளி ஆண்டு விழாவாக இருக்கலாம். பிரிக்கும் கருவிகள் ஆண்டுதோறும் மேம்பட்டு வருகின்றன. இன்று பிரியாத எழுத்து நாளை பிரியும். ஆனால் நாடா காத்திருக்காது. பூஞ்சணம் பிடிக்கும், ஒட்டிக்கொள்ளும், அறுந்துபோகும். ஆகவே, முதலில் அதனைத் தூய்மையாகப் பதிவு செய்து வையுங்கள். பிரிப்பது பிறகு ஆகட்டும். மூல ஒலிநாடாவை மட்டும் எறிந்துவிடாதீர்கள்.

பாட்டியின் ஒலிநாடா மீண்டும் அந்தப் பிஸ்கட் டின்னுக்கே போய்விட்டது. பேரன் தாத்தாவின் பாட்டை இப்போது மனப்பாடமாகப் பாடுகிறான். விழுங்கப்பட்ட எழுத்துகளைப் பாட்டி அவனுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்.